‘வே’ என்று எழுதிய பதினொரு பேர்

என் பெரியம்மாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த வெறும் நிலத்தைக் கண்டாலும் குனிந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்ப்பார். பஸ் நிறுத்தம், மருத்துவமனை வாசல், துக்கம் கேட்கப் போன வீட்டின் பின்புறம், எங்கே என்றாலும் சரி. “மணல் ஜாஸ்தி. தண்ணி நிக்காது” என்பார், யாரும் கேட்காமலேயே. பெரியப்பா உடனே, “நாம இங்க குடி வரப்போறதில்ல, வா” என்று கையைப் பிடித்து இழுப்பார்.

பள்ளிக்கூடத்தில் அவருக்கு ‘மண்ணு டீச்சர்’ என்று பெயர். மேல்நிலை வகுப்புக்கு வேளாண்மைப் பாடம் எடுத்தவர். நான் ஒன்பது வருடம் பல தேசங்களில் சுற்றிவிட்டுப் போன மாதம் திரும்பினேன். போன இடங்களில் எல்லாம் யாராவது மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தால் நின்றுவிடுவேன். அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது பெரியம்மாதான். அதனால் அவரைப் பற்றி எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

பெரியம்மா என் அம்மாவுக்கு அக்கா. அம்மா மருத்துவமனையில் நர்ஸ். ஷிப்டு மாறி மாறி வரும். அதனால் பள்ளி விட்டதும் நான் போவது பெரியம்மா வீட்டுக்கு. இரண்டு தெரு தள்ளி, இரண்டே அறை. முன்னறை பெரியப்பாவின் தையல் கடை. வெட்டுப் பலகை, மிஷின், இஸ்திரிப் பெட்டி, சுவரில் ஆணி அடித்து மாட்டிய தைத்த சட்டைகள். பின்னறையில் மீதி வாழ்க்கை எல்லாம். பெரியம்மாவின் விதைகளுக்குத் தனியாக இடம் கிடையாது என்பதால், பெரியப்பாவின் காலியான பொத்தான் டப்பாக்களில் அவை குடியிருந்தன. எது பொத்தான், எது விதை என்பதில் அடிக்கடி தகராறு வரும்.

ஒரு நாள் பெரியப்பா மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, ஒரு வெள்ளைப் பொத்தானைச் சட்டையில் வைத்து ஊசியால் குத்திக் குத்திப் பார்த்தார். இறங்கவில்லை.

“என்ன இது, இந்தப் பொத்தான்ல ஓட்டையே இல்ல?”

பெரியம்மா எட்டிப் பார்த்தார். “அது மொச்சை. தண்ணில போட்டு வைங்க, தானா வெடிக்கும்.”

“சட்டை போடறவன் காலைல குளிச்சா முளைச்சிடுமா?”

“முளைச்சா நல்லதுதான், பந்தல் வேண்டாம், அவர் கையையே தூக்கிக்கிட்டு நிக்கட்டும்.”

பள்ளியில் நான் அவரை ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிட வேண்டும். ஆறாம் வகுப்பில் ஒரு தடவை, அவர் மாற்று ஆசிரியராக வந்து வருகைப் பதிவு எடுத்தபோது, வாய் தவறி “உள்ளேன் பெரியம்மா” என்று சொல்லிவிட்டேன். வகுப்பே சிரித்தது. அவர் நிமிராமல், “இந்தப் பதிவேட்டுல பெரியம்மான்னு யாரும் இல்ல” என்று சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போனார். ஒரு வாரம் என்னைப் பார்த்தவர்கள் எல்லாம் ‘உள்ளேன் பெரியம்மா’ என்றார்கள்.

அவருக்கு மண்ணோடு பரம்பரைச் சம்பந்தம் எதுவும் கிடையாது. அதுதான் வேடிக்கை. என் தாத்தா அச்சகத்தில் எழுத்துக் கோப்பவர். ஒண்டுக்குடித்தனம், ஒரு பூந்தொட்டி வைக்கக்கூட இடம் கிடையாது. பெரியம்மா தாவரவியல் படித்தார், படம் வரைவது நன்றாக வரும் என்பதற்காக. பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த அன்று பழைய வேளாண்மை ஆசிரியர் ஓய்வு பெற்றுப் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. “தாவரவியல்தானே, கிட்டத்தட்ட அதே மாதிரிதான்” என்று அப்போதைய தலைமை ஆசிரியர் பின்னிலத்தின் சாவியைக் கையில் கொடுத்துவிட்டார்.

முதல் வாரமே அவர் மாணவர்களை வரிசையாக நிற்க வைத்து, களை எடுப்பது எப்படி என்று தானே குனிந்து காட்டியிருக்கிறார். ஒரு பாத்தி முழுக்கப் பிடுங்கி முடிக்கும் வரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் காவல்காரர்தான் பக்கத்தில் வந்து, “டீச்சர், புல்லு அந்தப் பாத்தில இருக்கு. இது வெங்காயம்” என்றாராம்.

வேறொருவர் என்றால் காவல்காரரை முறைத்திருப்பார். பெரியம்மா பிடுங்கியதை எல்லாம் எண்ணச் சொன்னார். நூற்றுப் பன்னிரண்டு. அதே பாத்தியில் அத்தனையையும் திரும்ப நட்டார்கள். “தப்பு பண்ணினது நான். எத்தனை பிழைக்குதுன்னு பாப்போம்” என்றார். எழுபத்தொன்பது பிழைத்தன. பிழைத்ததற்கும் செத்ததற்கும் காரணம் தேடித்தான் அந்த வருடப் பாடம் நடந்ததாம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சந்தையில் கீரை விற்கும் அம்மாவோடு போய்ப் பேசி, பாதியை அங்கே கற்றுக்கொண்டேன் என்று பெரியம்மாவே சொல்வார்.

பின்னிலம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். கழிப்பறைச் சுவருக்கும் விளையாட்டு மைதானத்துக்கும் நடுவில், நீளம் நாற்பது அடி எடுத்து வைத்தால் முடிந்துவிடும். பந்து விழுந்தால் கத்தரிச்செடி சாயும். ஒரு தகரக் கொட்டகை, ஒரு குழாய், எருக்குழி ஒன்று. காற்று திரும்பினால் எருக்குழியின் வாசனை நேராக ஆசிரியர் அறைக்குள் வரும். “உங்க பாடம் வந்திடுச்சு டீச்சர்” என்று கணக்கு வாத்தியார் ஜன்னலைச் சாத்துவார்.

பதினொன்றாம் வகுப்பில் நான்காவது பாடத்தை மாணவர்களே தேர்ந்தெடுக்கலாம். வேதியியல், கணினி, வணிகவியல், வேளாண்மை, இந்த நாலில் ஒன்று. ஒவ்வொரு வருடமும் பத்தாம் வகுப்பு முடியும் தறுவாயில் நாலு பாட ஆசிரியர்களும் வந்து ஆளுக்குப் பத்து நிமிடம் பேசுவார்கள். மற்றவர்கள் படம் வரைந்த அட்டைகளோடு வருவார்கள்: இது படித்தால் இன்ன வேலை, இன்ன பதவி. பெரியம்மா டிபன் பாக்ஸில் மண் கொண்டு வருவார். முதல் பெஞ்சிலிருந்து கடைசி பெஞ்சு வரை அதைக் கை மாற்றி அனுப்புவார்.

“வேலை வாங்கித் தர்றேன்னு நான் சொல்லல. மோந்து பாருங்க. மழை பெய்ஞ்ச வாசனை வருதா? அது மழையோட வாசனை இல்ல. இதுக்குள்ள இருக்கிற கோடிக்கணக்கான உயிரோட வாசனை. அதுங்க என்ன பண்ணுதுன்னு தெரிஞ்சுக்கணும்னா வாங்க. தெரிய வேண்டாம்னா டப்பாவ பின்னாடி குடுங்க.”

பெரும்பாலும் டப்பா பின்னால் போய்விடும்.

பிள்ளைகள் வந்தாலும் பெற்றோர் விடமாட்டார்கள். ஒரு பஸ் கண்டக்டர் பள்ளிக்கே வந்து பெரியம்மாவிடம் நின்றது எனக்கு நினைவிருக்கிறது. என் வகுப்புத் தோழியின் அப்பா. கோபமாகக்கூடப் பேசவில்லை.

“எங்கப்பா சேத்துல நின்னாரு டீச்சர். நான் படில நிக்கிறேன். என் பொண்ணாவது நாற்காலில உக்காரணும்.”

“நாற்காலில உக்காந்தவங்களும் மூணு வேளை சாப்பிடறாங்களே சார்.”

“சாப்பிடட்டும். வேற யாரோட பொண்ணாவது விளைவிக்கட்டும்.”

வீட்டுக்கு வந்து அதைச் சொன்ன பெரியம்மா, “அவர் சொன்னதுக்கு என்கிட்ட பதில் இல்ல” என்றார். பெரியப்பா நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே, “உனக்கே பதில் இல்லாத ஊர் ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சிருந்தா நான் அங்கயே கடை போட்டிருப்பேனே” என்றார்.

நான் பத்தாம் வகுப்பு முடித்த வருடம் புதுத் தலைமை ஆசிரியர் வந்தார். கெட்டவர் அல்ல. மேலிடத்திலிருந்து ஒரு விதி வந்திருந்தது: எந்தப் பாடமானாலும் குறைந்தது பதினைந்து பேர் சேர வேண்டும்; சேராவிட்டால் அந்தப் பிரிவை மூடிவிட வேண்டும். அவர் பெரியம்மாவைக் கூப்பிட்டு நேராகவே சொன்னார்: பதினான்கு என்றாலும் மூடித்தான் ஆக வேண்டும், பெரியம்மாவுக்கு வேலை போகாது, சின்ன வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கலாம், பின்னிலம் சைக்கிள் நிறுத்துமிடம் ஆகும். அதற்கு முந்தைய வருடம் வேளாண்மைக்குச் சேர்ந்தவர்கள் ஒன்பது பேர்.

அந்த விடுமுறை முழுவதும் பெரியம்மா வீடு வீடாகப் போனார். ஐந்து வாரம். சில நாள் நானும் கூடப் போவேன். பெரும்பாலான வீடுகளில் வாசலிலேயே நிறுத்திப் பேசினார்கள். ஒரு வீட்டில், “உள்ள வாங்க டீச்சர்” என்று கூப்பிட்டவர்கள், அவர் எதற்கு வந்திருக்கிறார் என்று தெரிந்ததும் மின்விசிறியை நிறுத்தினார்கள். செருப்பு இரண்டு முறை அறுந்தது. பெரியப்பாவே ஊசி போட்டுத் தைத்துக் கொடுத்தார்.

அத்தனை வீட்டுக்கும் போனவர் என்னிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் வேதியியல்தான் எடுக்கப்போகிறேன் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். குடுவையில் நிறம் மாறுவது எனக்குப் பிடிக்கும். அதைவிட, அதைப் படித்தால் தூர தேசத்துக்குப் போகலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். பெரியம்மா என்னை வற்புறுத்தவில்லை என்பதில் எனக்கு அப்போது நிம்மதிதான்.

பள்ளி திறந்த திங்கட்கிழமை பாடத் தேர்வுப் படிவம் கொடுத்தார்கள். ‘நான்காவது பாடம்’ என்ற இடத்தில் விரல் நகம் அளவு ஒரு கட்டம். “இதுல எப்படி டீச்சர் எழுதறது?” என்று யாரோ கேட்டதற்கு, எங்கள் வகுப்பு ஆசிரியை அவசரத்தில், “முதல் எழுத்து மட்டும் போடுங்க, புரியும்” என்று சொல்லிவிட்டார்.

நான் ‘வே’ என்று போட்டேன்.

செவ்வாய் மாலை அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டினார்கள். எழுதியவர் அலுவலக எழுத்தர். ஓய்வுக்கு ஒரு வருடம் இருந்தது. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதால் ‘முத்தெழுத்து’ என்றே எல்லோரும் கூப்பிடுவோம். அந்த அழகான எழுத்தில் வேளாண்மை என்ற தலைப்பின் கீழ் பதினேழு பெயர்கள். நான் அன்று பட்டியலைப் பார்க்கவில்லை. பலகை முன்னால் கூட்டமாக இருந்தது. என் பெயர் எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும் என்ற நினைப்பில் வீட்டுக்கு நடந்துவிட்டேன்.

பெரியம்மா வீட்டுக்குள் நுழையும்போதே, “பதினேழு!” என்று செருப்பைக் கழற்றாமல் சொன்னார். நான் அவரை அவ்வளவு சத்தமாகப் பேசிக் கேட்டதில்லை. “பதினேழு ஏப்ரன் வேணும். அந்தத் திரைச்சீலைத் துணி மிச்சம் இருக்குல்ல? பாக்கெட் பெருசா வைங்க.”

“பூப்போட்ட திரைச்சீலையா? செடிங்களுக்கே வெக்கமா இருக்கும்” என்றார் பெரியப்பா. ஆனால் அதற்குள் துணியை எடுத்துப் பலகையில் விரித்துவிட்டார்.

பெரியம்மா பட்டியலைப் பார்த்து எழுதி வந்த தாளை எடுத்து, பெயர்களைப் படித்துக்கொண்டே வந்தார். பன்னிரண்டாவது பெயரில் நின்றார். என்னைப் பார்த்தார்.

“நீ படிவத்துல என்ன எழுதின?”

“வே.”

“வே-ன்னா?”

“வேதியியல். வேற என்ன?”

கத்தரிக்கோல் நின்றது. பெரியப்பா முதலில் என்னைப் பார்த்தார், பிறகு பெரியம்மாவை. பெரியம்மா தாளை மடித்தார். மறுபடி பிரித்தார். பிறகு, “முழுசா எழுதினவங்க யார் யாருன்னு தெரியணும்” என்று சொல்லிவிட்டு, கழற்றாத செருப்போடு அப்படியே முத்தெழுத்தின் வீட்டுக்குக் கிளம்பினார். அது அடுத்த தெருவில்தான். நானும் பின்னால் ஓடினேன்.

முத்தெழுத்து வாசலில் நாற்காலி போட்டுக் காற்று வாங்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்குப் புரியவே இல்லை.

“ஆறு பேரு வேளாண்மைன்னு முழுசா எழுதியிருந்தாங்க. பதினொரு பேரு வே-ன்னு போட்டிருந்தாங்க. வே-ன்னா வேளாண்மைதானம்மா?”

“வேதியியலும் வே-தானே சார்?”

“வேதியியலா?” அவர் முகம் மாறியது. “நாங்க படிச்ச காலத்துல அதுக்கு ரசாயனம்னு பேரு. நான் இன்னிக்கும் மனசுக்குள்ள ரசாயனம்னுதான் சொல்றேன். ர-வுக்கு ஒருத்தரும் இல்லையேன்னு நினைச்சேன். சிலபேர் வேதின்னு போட்டிருந்தாங்க, அதை மட்டும் தனியா எடுத்து வெச்சேன்…” எழுந்து நின்றார். “நாளைக்கே மாத்தி எழுதிடறேன்மா. வெள்ளிக்கிழமைதான் மேலிடத்துக்கு அனுப்பணும்.”

பெரியம்மா உடனே சரி என்று சொல்வார் என்று நினைத்தேன். அவர் சொல்லவில்லை.

“வெள்ளிக்கிழமைதானே. நாளைக்கு ஒரு நாள் இருக்கட்டும்” என்றார்.

வீடு திரும்பியதும் பெரியப்பா ஒரே கேள்விதான் கேட்டார்: “எழுதினது அவர். தப்பு அவரோடது. நீ எதுக்கு வேர்த்து நிக்கிற?” பெரியம்மா என் பக்கம் திரும்பி, “நாளைக்கு ஒரு நாள் மட்டும் நீ யார்கிட்டயும் சொல்லாத” என்றார். டீச்சராகச் சொன்னாரா, பெரியம்மாவாகச் சொன்னாரா என்று எனக்கு விளங்கவில்லை. சரி என்றேன்.

புதன்கிழமை பதினேழு பேரும் பின்னிலத்துக்குப் போனோம். பெரியம்மா அன்று பாடம் எடுத்ததைப் போல யாரும் பாடம் எடுத்து நான் பார்த்ததில்லை. எருக்குழியின் நடுவில் கையை விடச் சொன்னார். உள்ளே சூடாக இருந்தது, கொதிக்கிற டீ டம்ளரைத் தொட்டது போல. அலறிக்கொண்டு கையை எடுத்தோம். “யாரும் நெருப்பு வைக்கல. அப்புறம் எப்படிச் சூடாச்சு? அடுத்த வாரம் சொல்றேன்” என்றார். நாற்றங்காலுக்கு மண்ணைச் சலித்தோம். தக்காளி விதையைச் சாம்பலோடு கலந்து தூவக் கற்றுக் கொடுத்தார். விதை சின்னது, வெறும் கையால் தூவினால் ஒரே இடத்தில் விழுந்து நெருக்கியடிக்கும். பெரியப்பா அதற்குள் தைத்துக் கொடுத்த ஆறு பூப்போட்ட ஏப்ரன்களுக்கு அடிபிடி நடந்தது.

மணி அடித்த பிறகு கண்டக்டரின் மகள் மட்டும் பின்தங்கினாள். கையைக் கழுவிக்கொண்டே, தண்ணீரைப் பார்த்தபடி கேட்டாள்.

“டீச்சர், வேதியியலுக்கு என் மார்க் பத்தலையா?”

“ஏன் கேக்கற?”

“நான் அதைத்தான் எழுதினேன். இங்க பேரு வந்திருக்கு. மார்க் பத்தாதவங்களை இங்க தள்ளிட்டாங்கன்னு எல்லாரும் பேசிக்கிறாங்க. அப்பாகிட்ட இன்னும் சொல்லல.”

பெரியம்மா குழாயை மூடினார். அவள் மதிப்பெண் வகுப்பிலேயே மூன்றாவது. “உன் மார்க் தாராளமாப் போதும்” என்றார். “நாளைக்குக் காலைல எல்லாருக்கும் சொல்றேன். நீ போ.”

அன்று மாலை வீட்டில் அவர் ஏப்ரன் தைக்க வேண்டாம் என்று பெரியப்பாவிடம் சொன்னார். பெரியப்பா ஏழாவதைத் தைத்து முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

வியாழக்கிழமை முதல் மணியில் பெரியம்மா பதினேழு வெற்றுத் தாளோடு வகுப்புக்கு வந்தார். நடந்ததை அப்படியே சொன்னார். படிவத்தின் கட்டம் சின்னது என்பதை, ‘வே’ இரண்டு பாடத்துக்கும் பொது என்பதை, யாருடைய மதிப்பெண்ணும் குறையவில்லை என்பதை. கடைசியில், “எனக்குச் செவ்வாய்க்கிழமையே தெரியும். நேத்து சொல்லாம பாடம் எடுத்தேன். அது தப்பு” என்றார். எங்களுக்கு ஆசிரியர் ஒருவர் ‘அது தப்பு’ என்று சொல்லிக் கேட்பது புதிது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மேசையைப் பார்த்தோம். “இப்ப முழு வார்த்தையா எழுதுங்க. நான் வெளில நிக்கிறேன். முத்… எழுத்தர் சார் வந்து வாங்கிப்பார்.” அவரும் மனதுக்குள் முத்தெழுத்து என்றுதான் கூப்பிடுகிறார் என்று அன்றுதான் தெரிந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை.

அவர் டிபன் பாக்ஸ் கொண்டு வரவில்லை. சேருங்கள் என்று ஒரு சொல் சொல்லவில்லை. பதினைந்து பேர் வேண்டும் என்ற விதியையும் சொல்லவில்லை. அந்த வகுப்பில் அது தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

நான் ‘வேதியியல்’ என்று எழுதினேன். ஐந்தெழுத்தையும் தெளிவாக, ஒன்றோடு ஒன்று ஒட்டாமல். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த கண்டக்டரின் மகளின் தாள் தெரிந்தது. அவள் ‘வேளாண்மை’ என்று எழுதியிருந்தாள்.

மதியத்துக்குள் எண்ணிவிட்டார்கள். ‘வே’ போட்ட பதினொரு பேரில் எட்டு பேர் வேளாண்மையில் நின்றார்கள். முன்பே முழுதாக எழுதியிருந்த ஆறு பேர். மொத்தம் பதினான்கு.

தலைமை ஆசிரியர் அறையின் கதவு திறந்தே இருந்தது. முத்தெழுத்துக்கு நாற்காலியில் உட்கார முடியவில்லை. “சார், பட்டியல்ல நான் தப்பா ஒரு பேரை விட்டிருக்கலாம்ல? எனக்குக் கண்ணு சரியில்ல, எல்லாருக்கும் தெரியும்” என்று அவர் கெஞ்சியது நடைபாதை வரை கேட்டது. “ஒரு தப்பைச் சரி பண்ண இன்னொரு தப்பா சார்?” என்றது பெரியம்மாவின் குரல். “நாலு மணி வரைக்கும் பட்டியலை மூட மாட்டேன் டீச்சர்” என்றார் தலைமை ஆசிரியர் கடைசியில். “யாராவது மனசு மாறினா வரட்டும்.”

பெரியம்மா வெளியே வந்தார். நான் தூணோடு ஒட்டி நின்றிருந்தேன். எங்கள் இருவரைத் தவிர நடைபாதையில் யாரும் இல்லை. என் முன்னால் வந்து நின்றார். இப்போது கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். கேட்டால் என்ன சொல்வேன் என்றும் எனக்குத் தெரிந்திருந்தது.

“சாப்பிட்டியா?” என்றார்.

“ம்.”

“சரி, வகுப்புக்குப் போ.”

நாலு மணிக்குப் பட்டியலை மூடினார்கள்.

பதினான்கு பேரையும் மற்ற மூன்று பாடங்களுக்குப் பிரித்துப் போட்டார்கள். பெரியம்மா ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுத்தார். பின்னிலத்தை உடனே ஒன்றும் செய்யவில்லை. புதன்கிழமை நாங்கள் தூவிய தக்காளி வளர்ந்து, காய்த்து, பழுத்தது. வேதியியல் ஆய்வுக்கூடம் இரண்டாவது மாடி. நான் குடுவையைக் கழுவ ஜன்னலோரம் போகும்போதெல்லாம் கீழே சிவப்பு தெரியும். மதிய இடைவேளையில் நாலைந்து பேர் அங்கே குனிந்து நிற்பார்கள், வணிகவியலுக்கும் கணினிக்கும் போனவர்கள். ஒரு தடவை பெரியம்மா, “பாடமே இல்லாத பாடத்துக்கு யாருடா உங்களை வரச் சொன்னது?” என்று விரட்டியதும், “விதை போட்டது நாங்கதானே டீச்சர்” என்று அவர்கள் பதில் சொன்னதும் மேலே வரை கேட்டது. நான் ஒரு நாளும் இறங்கிப் போகவில்லை. அடுத்த வருடம் சிமெண்ட் போட்டுச் சைக்கிள் நிறுத்தினார்கள். கண்டக்டரின் மகள் வணிகவியல் படித்து இப்போது வங்கியில் இருக்கிறாள். நாற்காலியில்தான். பார்த்தபோது, “அந்த எருக்குழி ஏன் சூடாச்சுன்னு டீச்சர் சொல்லவே இல்ல பாத்தியா” என்றாள்.

ஆறு வருடம் அந்தப் பள்ளியில் வேளாண்மை இல்லை. பெரியம்மா அதற்காக யாருக்கும் மனு எழுதவில்லை என்று சொன்னால் பொய். முப்பதுக்கு மேல் எழுதினார். எல்லாம் முத்தெழுத்தின் கையெழுத்தில். ஓய்வு பெற்ற பிறகும் அவர் வாசல் நாற்காலியில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார். இன்னொரு பக்கம், பெரியம்மா சின்ன வகுப்புகளுக்குப் பின்னமும் சதவீதமும் சொல்லிக் கொடுத்ததே முளைத்த விதையை எண்ணித்தான். “கணக்கு என் பாடம் டீச்சர்” என்று கணக்கு வாத்தியார் சண்டைக்கு வந்தாராம். அந்தப் பிள்ளைகள் பதினொன்றாம் வகுப்புக்கு வளர்ந்தபோது பிரிவை மறுபடி திறந்தார்கள். பதினெட்டுப் பேர். மைதானத்தின் அடுத்த ஓரத்தில் வேறு நிலம். பெரியம்மா மூன்று வருடம் எடுத்துவிட்டு ஓய்வு பெற்றார். இதெல்லாம் நடந்தபோது நான் இங்கே இல்லை. எங்கோ ஒரு ரயில் நிலையத்தில் நின்றுகொண்டு, அம்மா தொலைபேசியில் சொல்லக் கேட்டேன்.

இன்று சாயங்காலம் பெரியம்மாவின் பின்னறையில் உட்கார்ந்து இருவரும் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தோம். பதினான்கு வருடமாக வைத்திருந்த கேள்வியைக் கேட்டேன்.

“அன்னிக்கு நடைபாதைல ஏன் என்னைக் கேக்கல பெரியம்மா? ஒரு ஆள்தானே குறைஞ்சது.”

“கேட்டா வந்திருப்ப.”

“வந்திருப்பேன்.”

“அதான் கேக்கல.” ஒரு பீன்ஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பூச்சி இருந்ததால் தள்ளி வைத்தார். “வந்துட்டு ரெண்டு வருஷம் மூஞ்சியத் தூக்கி வெச்சிருப்ப. ஸ்கூல்லயும் அந்த மூஞ்சி, வீட்லயும் அந்த மூஞ்சி. யாரால முடியும்?”

முன்னறையிலிருந்து பெரியப்பா, “இப்ப மட்டும் என்ன, வந்த நாள்லேருந்து அந்த மூஞ்சிதான்” என்றார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, இன்னொன்றும் வந்தது. பீன்ஸ் நார் கையில் ஒட்டியிருந்ததால் புறங்கையால் கண்ணைத் துடைத்தேன். பெரியம்மா பார்க்காதது போல இருந்தார்.

இப்போது வேளாண்மை எடுப்பவர் ஒரு இளம் ஆசிரியர். செடியிடம் நன்றாகப் பேசுவார், மனிதர்களிடம் பேச வராது என்பது பெரியம்மாவின் கணிப்பு. அதனால் அந்தப் பத்து நிமிடப் பேச்சுக்கு மட்டும் வருடா வருடம் பெரியம்மாவைக் கூப்பிடுகிறார்கள். விதி மாறவில்லை. இன்றும் பதினைந்துதான்.

“இந்த வருஷம் எத்தனை?” என்றேன்.

“பதினொண்ணு. நாளைக்கு ஒரு வகுப்பு பாக்கி இருக்கு.”

“நானும் வரட்டுமா?”

“நீ எதுக்கு? வேண்டாம்னு எழுதினவளைக் கூட்டிட்டுப் போய் என்னன்னு சொல்றது?”

உரித்த பீன்ஸைக் கிண்ணத்தில் கொட்டினார். கொஞ்சம் யோசித்தார்.

“சரி, வா. வேண்டாம்னு சொன்னவளும் நல்லாத்தான் இருக்கான்னு பசங்க பாக்கட்டும். அப்பதான் சரின்னு சொல்றவங்க நெஜமா சொல்லுவாங்க.”

நாளைக் காலை எட்டரைக்குக் கிளம்புவதாகப் பேச்சு.